கையொப்பத்துக்கான இடம்

அரையாண்டின் கடைசித் தாள் இன்று,
உயிரியல், கணக்குப்பதிவியல்.
மணி அடிப்பதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு படிகள் வேண்டும்.
"ஒரே பக்கம் சார், தாள் இல்லை"
என்று சொல்லிவிட்டுப் போனார் தலைமையாசிரியை.

மாரண்டஹள்ளியில் மார்கழிப் பனி
பத்தரை வரைக்கும் அலுவலக ஜன்னலை விடாது.
கணினி எழுந்திருக்க என்னைவிட நேரம் எடுக்கிறது.
அன்புள்ள பெற்றோர்களுக்கு, என்று தட்டுகிறேன்.
போன வருடம் 'அன்புள்ள'வை அடித்து
'மதிப்பிற்குரிய' ஆக்கினார்கள்.
இந்த வருடம் இரண்டையும் போட்டுவிட்டேன்.

ஒன்று. பள்ளி ஜனவரி இரண்டில் திறக்கும்.
பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக்
கூட்டிப் போகிறவர்கள்
முதல் தேதி மாலைக்குள் ரயிலேற்றிவிடுங்கள்,
என்று எழுதி, அழித்தேன்.
எழுதினால் கூட்டிப் போகலாம் என்று ஆகிவிடும்.
எழுதாவிட்டால் மட்டும் போகாமலா இருக்கப் போகிறார்கள்?
'விடுமுறையைப் பயனுள்ள வகையில் கழிக்கவும்.'

இரண்டு. பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி
பட்டியலில் சரிபார்க்கவும்.
அச்சான பிறகு ஒரு புள்ளிக்குக்கூடச்
சென்னை வரை அலைய வேண்டும்.
அத்திமுட்லு கெம்பம்மா நேற்றே வந்துவிட்டார்,
தக்காளி மண்டியிலிருந்து நேராக,
சும்மாட்டுத் துணியைக் கையில் சுருட்டியபடி.
திரையில் மகள் பெயரைக் காட்டச் சொன்னார்.
படிக்கத் தெரியாது.
கண்ணாடியில் விரல்படாமல் ஒவ்வொன்றாக எண்ணினார்,
லோகப்பிரியா.
"ஆறு. சரியா இருக்கு சார்."

மூன்று. செல்போனை இரவில் வாங்கி வைக்கவும்.
இதைத் தட்டும்போது என்னுடையது அதிர்ந்தது.
வீட்டிலிருந்து.
எதற்கென்று தெரியும்:
இன்றைக்கும் சாப்பிடாமல் போயிருக்கிறான்.

நான்கு.
ஐந்து வருடமாக இதே வரி,
பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டுவேன்:
பிள்ளைகளை மற்றவரோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள்.
மூன்று அறை தள்ளி, பன்னிரண்டு 'ஆ'வில்,
என் புவனேஷ் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறான்.
கணக்கில் நாற்பத்தொன்று வந்த அன்று
எதிர்வீட்டுப் பையன் பெயரைச் சொல்லி
ஒரு வார்த்தை விட்டேன்.
ஒன்பது நாளாக அவன் என்னிடம்
தண்ணீர்ச் சொம்புகூட எடுத்துத் தரச் சொல்லவில்லை.

ஒட்டினேன். எடுத்தேன். மறுபடி ஒட்டினேன்.
எடுத்தேன்.

ஐந்து. காரணமில்லாத விடுப்பு கூடாது.
மேசையில் ஒரு மாணவியின் கடிதம் கிடந்தது.
'வீட்டில் விசேஷம், ஒரு வாரம்.'
யாருக்கு விசேஷம் என்று இல்லை.
கையெழுத்து அவளுடையதாகவும் இல்லை.
தலைமையாசிரியை அதை மடித்துக் கைப்பையில் வைத்தார்,
யாருக்கோ போன் போட்டார்,
ஆட்டோ பிடித்துப் பஞ்சப்பள்ளிப் பக்கம் போனார்.
இதற்கு எந்த வரியை எழுதுவது?
இருந்த வரியையே தடித்த எழுத்தாக்கினேன்.

கடைசியில் புள்ளிக்கோடு.
அதற்கு மேல் இரண்டு வரி கூடுதல் இடம் விடுவது
என் வழக்கம், யாரும் சொல்லித் தந்ததில்லை.
பேனா பிடிக்காத பெருவிரலுக்கு
அவ்வளவு இடம் வேண்டியிருக்கிறது.

மணி அடித்தது.
காகிதத்தை நான்காய் மடித்துப்
பாதி பேர் சட்டைப் பையில் திணித்தார்கள்.
மீதிப் பேர் சைக்கிள் சீட்டைத் துடைத்தார்கள்.
தலைமையாசிரியை இன்னும் திரும்பவில்லை.
அலுவலகத்தை ஆறு வரை திறந்து வைத்திருந்தேன்.
ஆறே காலுக்கு ஒரு செய்தி: பேசியிருக்கிறேன். நாளையும் போக வேண்டும்.

ராத்திரி, களித் தட்டுக்குப் பக்கத்தில்
என் சுற்றறிக்கை எனக்கே வந்தது.
நிமிராமல் சொன்னான்:
"மூணுக்கு அப்புறம் அஞ்சு வந்திருக்கு."

தட்டச்சுப் பிழை, என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் அந்த இடைவெளியைப் பார்த்தான்.
பிறகு குழம்புக் கிண்ணத்தைக் கேட்டான்,
அம்மாவிடம் இல்லை,
என்னிடம்.